வாக்கும் வன்முறையும்: பினாங்கு வரலாறு காட்டும் காரணங்கள்

தோற்றுவாய்

புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில் தேர்தல் காலம் அச்சக் காலமாகவும் அமைந்ததை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் உலகம் கண்டது. அதற்குக் காரணம் யாது என்று வினவினால் மூன்று விடைகள் எளிதில் கூறப்படுகின்றன. மக்களுக்குக் கல்வி போதாது என்பது ஒன்று. ஒரே நாட்டில் இனங்கள் பல வாழ்கின்றன என்பது மற்றொன்று. தலைவர்கள் நாவடக்கம் அற்றவர்கள் என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இவை மட்டுமே காரணங்கள் எனின், ஒரே நாட்டில், ஒரே நாளில் வாக்களித்த மக்கள் ஓர் ஊரில் கட்டுக்குள் நின்றதும் மற்றோர் ஊரில் நிலைதவறியதும் எவ்வாறு என்னும் வினா விடையின்றி நிற்கும்.

அவ்வினாவை எழுப்புவதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1969ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் பினாங்கு மாநிலத்தின் ஆட்சியே கைமாறியது. கூட்டரசின் ஆட்சியோ கைமாறவில்லை. ஆனால் குருதி பெருகியது பினாங்கில் அன்று, கோலாலம்பூரில். ஆட்சி மாறிய இடத்தில் ஓரளவு அமைதியும், மாறாத இடத்தில் பேரழிவும் நேர்ந்த இம்முரண்பாட்டை விளக்க முயல்வதே இவ்வுரையின் நோக்கம். பினாங்கு வன்முறையே அறியாத ஊர் என்று நாம் கூற வரவில்லை. அதனை அறிந்த ஊர் என்பதனாலேயே அதன் வரலாறு நமக்குப் பாடமாகின்றது.

நகரம் வாக்களிக்கக் கற்ற வரலாறு

மலாயாவில் வாக்குரிமையின் வரலாறு ஜார்ஜ் டவுனில் தொடங்குகின்றது எனலாம். 1857ஆம் ஆண்டிலேயே, வரி செலுத்துவோர் நகராண்மை ஆணையர் சிலரைத் தாமே தேர்ந்தெடுக்கும் வழக்கம் இங்கு ஏற்பட்டது. அன்று வாக்களித்தோர் மிகச் சிலர். குடியேற்ற ஆட்சியினர் 1913இல் அவ்வழக்கத்தையும் நிறுத்திவிட்டனர். பின்னர் 1951ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்துக்கு நடந்த தேர்தலே, போருக்குப் பிந்திய மலாயாவின் முதல் தேர்தல். மன்றத்தின் 15 இடங்களுள் 9 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தனர். ஐந்தாண்டுகளுக்குப் பின் மன்றம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டோரைக் கொண்டதாயிற்று. 1957ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன் ஆவார். தமிழர் ஒருவர் இம்மாநகரின் முதல் குடிமகனாக வீற்றிருந்ததை இன்று அவர் பெயர் தாங்கிய சாலை நமக்கு நினைவூட்டுகின்றது.

எனினும் அதே சனவரியில், நகராண்மையின் நூற்றாண்டு விழாவை ஒட்டி நகரில் இனக்கலவரம் மூண்டது. இதனை நாம் மறைத்தல் கூடாது. தேர்தல் இருந்தால் மட்டும் கலவரம் ஒழிந்துவிடும் என்பார்க்கு 1957 ஒரு தடை. விடுதலை நெருங்கிவந்த அந்நாள்களில், ஆங்கிலேயர் சென்றபின் இத்தீவு யாருடையது, இங்கு எந்த இனத்தின் சொல் எடுபடும் என்னும் ஐயம் எல்லோர் உள்ளத்திலும் இருந்தது. விழா ஊர்வலம் அவ்வையத்தை வீதிக்குக் கொண்டுவந்தது. ஆயினும் கலவரம் அடங்கியபின் மன்றம் தொடர்ந்து கூடியது. பின்னரும் தேர்தல்கள் நடந்தன. மாநகர ஆட்சி இடதுசாரிகளிடமும் மாநில ஆட்சி கூட்டணிக் கட்சியிடமும் இருந்தன. மாநிலத்தில் தோற்றவன் நகரில் வெல்லலாம். நகரில் தோற்றவன் மாநிலத்தில் முறையிடலாம். ஒரே ஊரில் இரண்டு அவைகள் இருந்தமையால் தோல்வி எவர்க்கும் முழுத் தோல்வியாகவில்லை.

அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. இந்தோனேசியாவின் எதிர்ப்பு நடவடிக்கையைக் காரணமாகக் காட்டி 1965ஆம் ஆண்டு மார்ச்சில் நாடெங்கும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் சேர்ந்தன. அந்த ஆண்டிலேயே இந்தோனேசியாவுடன் அமைதி உடன்பாடு ஏற்பட்டும், நிறுத்தப்பட்ட தேர்தல் திரும்பவில்லை. உள்ளாட்சி மன்றங்களை ஆராய, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வாணையம் உள்ளாட்சித் தேர்தலை மீண்டும் நடத்துமாறே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது.

ஹர்த்தால்: ஒரு சொல்லின் இரு வாழ்வு

வாக்குச்சீட்டு எட்டாதவிடத்து மக்கள் தம் கருத்தை வேறு வழியில் புலப்படுத்துவர். அவ்வழிகளுள் ஒன்று கடையடைப்பு. ‘ஹர்த்தால்’ குசராத்தி மொழிச் சொல். கடை என்னும் பொருளுடைய சொல்லும் பூட்டு என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்து பிறந்தது. காந்தியடிகளின் இயக்கத்தால் இந்தியா முழுவதும் பரவி, இலங்கைத் தமிழிலும் மலாயாவின் எல்லா மொழிகளிலும் அது குடிபுகுந்தது.

இச்சொல்லுக்கு மலாயாவில் இரண்டு வாழ்வுகள் உண்டு. 1947ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், ஆங்கிலேயர் வகுத்த அரசியலமைப்புத் திட்டத்தை எதிர்த்து மலாயா முழுவதும் ஹர்த்தால் நடந்தது. தான் செங் லாக் போன்றோர் முன்னின்ற அந்நாளில் கடைகள் மூடின. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை நின்றது. வீதிகள் அமைதியாக இருந்தன. பல இனத்தாரும் ஓர் அணியில் நின்று, ஆட்சியாளரை நோக்கி உரைத்த ஒரு சொல்லாக அது அமைந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து அதே சொல் பினாங்கில் குருதி தோய்ந்தது. 1967ஆம் ஆண்டு சூனில் மலேசியா தனது புதிய நாணயத்தை வெளியிட்டது. பழைய மலாயா வெள்ளியும் உடன் புழக்கத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது, அதனுடன் பிணைந்திருந்த பழைய வெள்ளியின் மதிப்பும் வீழ்ந்தது. பழைய வெள்ளி ஒன்றுக்குப் புதிய காசு 85 மட்டுமே என்றாயிற்று. செல்வர் பணம் பெரும்பாலும் வங்கியில் இருந்தது. பெட்டிக்கடைக்காரரும் கூலித் தொழிலாளரும் தகரப் பெட்டியில் சேர்த்துவைத்திருந்த பணத்தில் பத்து வெள்ளிக்கு ஒன்றரை வெள்ளி ஓர் இரவில் கரைந்தது. சுங்க வரியற்ற துறைமுகம் என்ற தன் பழைய நிலையையும் பினாங்கு இழந்துகொண்டிருந்த காலம் அது. துறைமுகத்தை நம்பிய குடும்பங்களில் வேலையின்மை ஏற்கனவே புகுந்திருந்தது.

நவம்பர் 24ஆம் நாள் தொழிற்கட்சி ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது. கடையை மூட மறுத்தோர் மிரட்டப்பட்டனர். மிரட்டல் கைகலப்பாகி, கைகலப்பு இனச்சண்டையாகி, நகரிலிருந்து கரைக்கு அப்பாலும் பரவியது. உயிர்கள் பல மாண்டன. ஊரடங்கு விதிக்கப்பட்டது. தொழிற்கட்சியினர் பலர் தடுத்துவைக்கப்பட்டனர்.

பணமதிப்பு பற்றிய முறையீடு எவ்வாறு இனச்சண்டையாயிற்று? 1947இல் ஹர்த்தால் பல இனத்தார் கூடிச் செய்தது. 1967இல் அழைத்தோரும் கடை மூடியோரும் பெரும்பாலும் ஓரினத்தார். கேட்டோர் செவியில் அது அரசை நோக்கிய சொல்லாக ஒலிக்கவில்லை. மாநகர் மன்றம் செயல்பட்டிருந்தால் இம்முறையீடு அங்கு ஒரு தீர்மானமாகவோ ஒரு காரசாரமான விவாதமாகவோ முடிந்திருக்கக்கூடும். முடிந்தே இருக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் நகரத்தின் பெரிய எதிர்க்கட்சி முந்திய ஆண்டு வரை ஓர் அவையில் பேசியது என்பதும், அவை இல்லாதபோது வீதியில் பேசியது என்பதும் காலவரிசை காட்டும் உண்மைகள்.

1969: இரண்டு நகரங்கள்

தொழிற்கட்சி 1969 தேர்தலைப் புறக்கணித்தது. வாக்களிக்காதீர் என்று சுவர்களில் எழுதிச் சென்ற கூட்டத்தினரால் ஏப்ரல் 24ஆம் நாள் பினாங்கில் அம்னோ தொண்டர் ஒருவர் கொல்லப்பட்டார். மே 4ஆம் நாள் கோலாலம்பூரில் தொழிற்கட்சி இளைஞர் ஒருவர் காவல்துறையினரின் துப்பாக்கிக்கு இரையானார். வாக்களிப்புக்கு முந்திய நாளான மே 9இல் நடந்த அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இருதரப்பும் ஒவ்வோர் உயிரை இழந்த நிலையிலேயே நாடு வாக்குச்சாவடிக்குச் சென்றது.

முடிவுகளை நோக்குவோம். தீபகற்பத்தில் 104 நாடாளுமன்றத் தொகுதிகளுள் 1964இல் 89 தொகுதிகளைப் பெற்றிருந்த கூட்டணிக் கட்சி, இம்முறை 66 தொகுதிகளைப் பெற்றது. பாஸ் 12, ஜனநாயகச் செயல் கட்சி 13, கெராக்கான் 8, மக்கள் முற்போக்குக் கட்சி 4 என எதிர்க்கட்சிகள் 37 தொகுதிகளை வென்றன. வேட்பாளர் ஒருவர் மறைவால் ஒரு தொகுதியில் வாக்களிப்புத் தள்ளிவைக்கப்பட்டது. ஆளுங்கட்சி தனிப்பெரும்பான்மையுடன் வென்ற தேர்தல் இது. ஆனால் ஊரில் எவரும் அவ்வாறு பேசவில்லை. வென்றோர் தோற்றவர் போல அஞ்சினர். தோற்றோர் வென்றவர் போல ஊர்வலம் சென்றனர்.

பினாங்கில் 24 சட்டமன்றத் தொகுதிகளுள் ஓராண்டுக்கு முன்னர்த் தோன்றிய கெராக்கான் 16 தொகுதிகளை வென்றது. கூட்டணிக்குக் கிடைத்தவை 4 மட்டுமே. முதலமைச்சர் வோங் பாவ் நீ தம் தொகுதியையே இழந்தார். லிம் சோங் இயூ ஆட்சிப் பொறுப்பேற்றார். மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் ஒரே கட்சிக்குச் சென்றமையால், யார் ஆள்வார் என்பதில் ஒரு நாழிகையும் ஐயம் இருக்கவில்லை. அன்றியும் புதிய ஆட்சியாளர் ஊரறிந்தவர். 1951ஆம் ஆண்டின் நகராண்மைத் தேர்தல் காலம் முதல் அரசியலில் இருந்தவர். கூட்டணியிலேயே ஒருகாலத்தில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். கெராக்கான் ஓர் இனத்தின் பெயரைத் தாங்கிய கட்சியும் அன்று. 1967ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களும் மக்கள் நினைவில் பசுமையாக இருந்தன.

சிலாங்கூரில் நிலைமை வேறு. அங்கு 28 தொகுதிகளுள் கூட்டணிக்கு 14, எதிர்த்தரப்புக்கு 14. தலைநகரை உள்ளடக்கிய மாநிலத்தில் யார் மந்திரி பெசார் என்பது எவருக்கும் தெரியவில்லை. மே 11, 12 ஆகிய நாள்களில் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் வெற்றி ஊர்வலம் சென்றனர். இழிசொற்களும் வீசப்பட்டன. மே 13ஆம் நாள் மாலை மறு ஊர்வலத்துக்காக மந்திரி பெசார் இல்லத்தின் முன் கூட்டம் கூடியது. அதே நாளில் மலேசியச் சீனர் சங்கம் அமைச்சரவையில் பங்குபெறப் போவதில்லை என்று அறிவித்தது. ஊர்வலம் புறப்படும் முன்னரே வதந்தி புறப்பட்டது. அரசின் கணக்குப்படி மாண்டோர் 196 பேர். அதனினும் மிகுதி என்று கூறுவோர் இன்றும் உளர். அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சி செலுத்தியது. நாடாளுமன்றம் மீண்டும் கூடியது 1971 பிப்ரவரியில்தான். பினாங்கிலும் பதற்றமும் ஊரடங்கும் இருந்தன. ஆனால் தலைநகர் கண்ட படுகொலையை இவ்வூர் காணவில்லை.

எண்ணுதல் என்னும் சொல்

தமிழில் ‘எண்ணுதல்’ என்பதற்குக் கணக்கிடுதல், கருதுதல் என இரு பொருள்கள் உண்டு. வாக்கு எண்ணும் அதிகாரி முதற்பொருளில் எண்ணுகின்றார். வீட்டில் வானொலி கேட்டிருக்கும் குடிமகன் இரண்டாம் பொருளில் எண்ணுகின்றான். தேர்தல் வன்முறை இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளியில் பிறக்கின்றது.

1969இல் அதிகாரிகள் எண்ணியவை கட்சிகளின் இடங்களை. மக்கள் எண்ணியதோ இனங்களின் இடங்களை. கட்சிகள் பெரும்பாலும் இனவாரியாக அமைந்த நாட்டில் ஒரு தொகுதியின் இழப்பு ஓர் இனத்தின் இழப்பாகத் தோன்றும். ஒரு கட்சியின் தோல்வியை ஐந்தாண்டில் மாற்றலாம். ஓர் இனத்தின் தோல்வி என்று கருதப்படுவதை எந்தத் தேர்தலில் மாற்றுவது? வாக்கெடுப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பாக மாறிவிடும்போது, தோற்றவனுக்கு அடுத்த முறை என்பது இல்லை. நாம் முதன்மைக் காரணமாகக் கொள்வது இதனையே. முடிவில் ஏற்படும் ஐயப்பாடும், ஊர்வலமும், வதந்தியும் இதனைப் பற்றவைக்கும் பொறிகள்.

பொறியின் ஆற்றலையும் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 2007ஆம் ஆண்டு இறுதியில் கென்யாவில் அதிபர் தேர்தல் முடிவு அவசரமாக அறிவிக்கப்பட்டபோது வன்முறை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்த ஆணையம், உண்மையில் வென்றவர் யாரென்று உறுதி செய்யவே இயலாத அளவுக்குக் கணக்கு சீர்கெட்டிருந்தது என்று கண்டது. அடுத்த ஆண்டு கானாவில் அதிபர் தேர்தல் அரை விழுக்காட்டுக்கும் குறைந்த வேறுபாட்டில் முடிந்தது. அங்கும் இனவேறுபாடுகள் உண்டு. ஆனால் எண்ணிக்கையில் மக்களுக்கு நம்பிக்கை இருந்தது. தோற்ற வேட்பாளர் முடிவை ஏற்றார். அவரே எட்டாண்டுகளுக்குப் பின் அதிபரானார். அடுத்த முறை என்று ஒன்று அங்கு இருந்தது.

தமிழர் வாழும் பிற நிலங்களும் இதற்குச் சான்று கூறுகின்றன. 1981ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்கவிருந்தது. அதற்குச் சில நாள்கள் முன்னர்த் தேர்தல் கூட்டமொன்றில் காவலர் சுடப்பட்டனர். அதனையடுத்துக் காவல்துறையினரே நகருக்குத் தீவைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. காக்க வேண்டியவர் ஒரு தரப்பாகிவிட்டால், தேர்தல் நடந்தும் நம்பிக்கை பிழைப்பதில்லை என்பதை அது காட்டிற்று. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்றோரும் 1997ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அங்கே முடிவில் ஐயமில்லை, எண்ணிக்கையில் பிழையில்லை, இனமும் ஒன்று, மொழியும் ஒன்று. காலங்காலமாகத் தமதென்று கொண்ட அதிகாரம் இனித் திரும்பாது என்று கருதியோர் கையில் அரிவாள் ஏறியது. ஆகவே பல்லினச் சமுதாயம் என்பதே நோய் என்று கூறுவது பொருந்தாது. இழந்ததை மீண்டும் பெற முறையான வழியில்லை என்ற எண்ணமும், இழந்தது தன் பிறப்புரிமை என்ற செருக்கும் எங்குக் கூடினும் அங்கு ஆபத்து உண்டு.

நிறைவுரை

‘மே 13’ஐ மலாய் மொழியில் ‘பெரிஸ்திவா’ என்பர். தமிழில் ‘சம்பவம்’ என்கிறோம். இரண்டும் செய்தவர் இன்றித் தானே நிகழ்ந்த ஒன்றைக் குறிக்கும் சொற்கள். செய்தவரையும் காரணத்தையும் மறைக்கும் சொல் அச்சத்தை மட்டும் மிச்சம் வைக்கும். அவ்வச்சம் இன்று ஒரு வாதமாகப் பயன்படுகின்றது. பினாங்குச் சட்டமன்றம் 2012இல் உள்ளாட்சித் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் செல்லாது என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடிவு கூறியது. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் மே 13 மீண்டும் வரும் என்று அதன்பின்னும் மேடைகளில் கூறப்பட்டது.

காலவரிசையை நோக்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது 1965இல். ஹர்த்தால் கலவரம் 1967இல். மே 13 அதன் பின்னர். ஒன்று மற்றொன்றுக்கு முழுக் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. 1957ஐ நாம் மறக்கவுமில்லை. ஆயினும் தேர்தல் இல்லாமை அமைதியைத் தரும் என்பதற்கு இவ்வூர் வரலாற்றில் சான்றில்லை. மாறாக 2008 மார்ச் 8இல் பினாங்கில் ஆட்சி மீண்டும் மாறியபோதும், 2018 மே 9இல் கூட்டரசின் ஆட்சியே முதன்முறையாக மாறியபோதும் நாடு அமைதி காத்தது. 2008இல் வென்ற கட்சிகள் வெற்றி ஊர்வலம் வேண்டா என்று தம்மவரைத் தடுத்தன. 1969இல் கற்ற பாடம் அது.

வாக்களித்தலைக் குறிக்கும் ‘உண்டி’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு முதற்பொருள் குலுக்கல் சீட்டு. சோழர் கால உத்திரமேரூரிலும் பானையிலிட்ட ஓலையை ஒரு சிறுவன் எடுக்கக் குலுக்கல் முறையிலேயே வாரியத்தார் அமைந்தனர். முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், நிலமுடையோர்க்கு மட்டுமே அவ்வுரிமையை அளித்தன. அதனை மக்களாட்சி எனப் போற்றுதல் மிகை. ஆனால் அவற்றில் ஒரு விதி உண்டு. அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் பானையில் இடப்படமாட்டாது. இன்று வாய்ப்புக் கிட்டாதவருக்கு நாளை கிட்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

தமிழோ வாக்கு என்கின்றது. அது கொடுத்த சொல். உன் முறை மீண்டும் வரும் என்று தோற்றவருக்கு நாடு கொடுக்கும் சொல்லும் அதனுள் அடங்கும். அச்சொல் காக்கப்பட்ட இடங்களில் தோற்றவர் வீடு திரும்பி அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தனர். நகரத் தெருவின் விளக்குக்கும் வடிகாலுக்கும் உரிய சிறிய தேர்தலில் அச்சொல்லைக் காத்துப் பழகிய மக்கள், நாட்டின் பெரிய தேர்தலிலும் அதனைக் காப்பர் என்பது நம் துணிபு. 1965இல் இம்மாநகரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட அப்பயிற்சி திருப்பியளிக்கப்படுதல் வேண்டும்.